அப்பாவும் மாமாவும் பூட்டிய எண்ணெய்க் குழாய்

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, என் முழங்கால் மட்டும் வானத்துக்கு முன்னாலேயே மழையை அறிவித்துவிடுகிறது, அவ்வளவுதான். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்திருப்பாய் என்ற நினைப்போடுதான் தினமும் ஜன்னலைத் திறக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ "அப்புறம்மா?" என்று கேட்டதுமே எனக்குச் சொல்ல வந்தது பறந்துவிடுகிறது. இது ஒன்று விடாமல் சொல்ல வேண்டிய சேதி, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் கார் போன மாதம் ஒரு மேட்டில் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, அப்புறம் மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் நான் சாமியைக் கூப்பிட்டேனா, அப்பாவைத் திட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விட்டதாம். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து இன்னொன்றை வாங்கிவந்து வாசலில் இறக்கிவிட்டு அப்பா, "ஊருக்கே குழாய் பூட்டினவன், இதைப் பூட்ட மாட்டேனா" என்றார். அது கிடந்த கிடையைப் பார்த்தால் யானைக்குட்டி படுத்திருப்பது போல இருந்தது. இந்த வயதில் இவர் வண்டிக்கு அடியில் படுத்து, தனியாக அதை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கப் போகிறாரா என்று பயந்து, அவருக்குத் தெரியாமல் உன் பெரிய மாமாவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

ஆமாம், பெரிய மாமாவுக்குத்தான். பஸ் பணிமனையில் ஆயுசெல்லாம் கியர்பாக்ஸோடு கிடந்தவர், என் கூடப்பிறந்தவர், அவரை விட்டால் நான் யாரைக் கூப்பிடுவேன். நீ விமானம் ஏறப் போன அன்று, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ மறைந்ததும், "பெத்த பொண்ணைத் தொலைச்சுட்டு நிக்கிறியே மாப்ளே" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தையில் அறுந்தது பேச்சு. உன்னால்தான் இரண்டு பேரும் பிரிந்தார்கள் என்று நீ உள்ளுக்குள் மருகுவது எனக்குத் தெரியாதா? போன் பண்ணும்போதெல்லாம் "மாமா வந்தாராம்மா?" என்று கேட்டுவிட்டு உடனே பேச்சை மாற்றுவாயே, அது எனக்குப் புரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கியும் சாமான் பையுமாக வந்து இறங்கினார் மாமா. அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம், "வந்தவங்களுக்குத் தண்ணி குடு" என்றார். வந்தவங்களாம்! மாமாவும் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தார். அதற்குப் பிறகு என் பாடுதான் திண்டாட்டம். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இல்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் என் வழியாகத்தான் போய்வந்தது. பழையதை இறக்கிப் புதியதை ஏற்றும்வரை "தூக்கச் சொல்லு", "தூக்கியாச்சுன்னு சொல்லு" என்று ஓடியது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் குழாய் வேலை வந்தது. கியர்பாக்ஸில் கொதிக்கிற எண்ணெய் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் வழியாக முன்னால் ரேடியேட்டருக்குப் போய் ஆறி, இன்னொரு குழாயில் திரும்பி வருமாம். புதியதில் குழாய் மாட்டுகிற துளைகள் கொஞ்சம் தள்ளி இருந்ததால் பழைய குழாய்கள் எட்டவில்லை. அங்கேதான் அப்பாவின் ராஜ்ஜியம். ஒரு கம்பியை வளைத்து அளவு பார்த்தார், பிறகு அதே நெளிவில், சூடான புகைக்குழாயை ஒட்டாமல், எங்கும் நசுங்காமல் புதுக்குழாயை வளைத்தார். மாமா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "ரேடியேட்டர்ல பழைய இரும்புத்தூள் தங்கியிருக்கும், கழுவாம மாட்டினா புதுசையும் தின்னுடும்னு சொல்லு" என்றார். "தெரியும்னு சொல்லு" என்றார் அப்பா. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்று கேட்டுவிட்டு நான் பேசின் பாத்திரத்தை ஏந்திப் பிடித்தேன். புது எண்ணெயை உள்ளே விட்டு அலசி வெளியே எடுத்தார்கள். என் கையிலிருந்த பேசினில் அது கருஞ்சிவப்பாக வந்து விழுந்தது. வெயில் பட்டதும் உள்ளே தூள்தூளாக மின்னி, மெல்லச் சுழன்று, அடியில் போய்ப் படிந்தது. எத்தனை நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. தெரு, வீடு எல்லாம் எங்கேயோ போய், நீ சின்னவளாக என் மடியில் தூங்குகிற கனம் மட்டும் கையில் இருந்தது. மாமா கூப்பிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

ரேடியேட்டர் பக்கத்து நட்டை ஒருவர் தனியாக இறுக்க முடியாதாம். அடியிலிருக்கும் இணைப்பை ஒருவர் ஸ்பேனரால் அசையாமல் பிடிக்க வேண்டும், மற்றவர் நட்டைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே முறுக்கிக்கொண்டு ரேடியேட்டரே பிளந்துவிடுமாம். மாமா வண்டிக்கு அடியில் படுத்துப் பிடித்தார், அப்பா மேலே குனிந்தார். நான் கையைக் கழுவிவிட்டு வர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். "பிடிச்சிருக்கீங்களா?" என்று அப்பாவின் குரல். "பிடிச்சிருக்கேன், நீ திருப்பு" என்று அடியிலிருந்து மாமா. நட்டு ஒரு சுற்று இறங்கியது. பிறகு மாமா, "அன்னிக்கு அந்த வார்த்தை என் வாயில வந்திருக்கக் கூடாது மாப்ளே. பிள்ளை போறாளேன்னு எனக்கே தாங்கல, உன் மேல கொட்டிட்டேன்" என்றார். அப்பா நிமிரவில்லை. "இன்னும் கால் சுத்து இருக்கு மச்சான், விட்டுடாதீங்க" என்றார். மச்சான் என்றார், சிட்டு. நான் ஈரக்கையோடு அப்படியே நின்றேன்.

எண்ணெய் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு கிழவர்களும் தரையில் கன்னத்தை வைத்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் பொழுது சாயும்வரை வரவில்லை. மறுபடியும் ஏதாவது மேட்டில் நின்றுவிட்டதோ என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வந்து இறங்கியதும் எங்கே போனீர்கள் என்று கேட்டால், மாமா, "கியர் மாறுறதே தெரியலம்மா, தண்ணில போற மாதிரி போச்சு, அப்படியே போயிட்டோம்" என்கிறார். அப்பா சிரிக்கிறார்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், கோபத்தில் யாருக்கும் பதில் எழுதாதே, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நிறைந்த மனதோடு நூறாண்டு இருக்க வேண்டும். முக்கியமான ஒன்று: மாமா கிளம்பும்போது உன் நம்பரை வாங்கிக்கொண்டு, அங்கே இப்போது என்ன நேரம் இருக்கும், கூப்பிட்டால் திட்டுவாளா என்று என்னிடம் கேட்டார். கட்டாயம் கூப்பிடுவார். எந்த நேரமானாலும் எடு.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா