பின்னுக்குப் போகாத கார்

ஞாயிறு, இரவு

அண்ணா என் காரைத் திருடிவிட்டான். அது இன்னும் பாகங்களைப் பொருத்திப் பூட்டப்படாத கார். பாகங்களாக வாங்கி நாங்கள் இருவரும் பூட்டுவதாகத்தான் பேச்சு. மாதக்கணக்காகப் பார்த்துத் தெரிவு செய்தது நான். எடை குறைய வேண்டும் என்று மோட்டார் சைக்கிள் எஞ்சின் போட்டதை எடுக்கச் சொன்னதும் நான்.

இன்று லோறென்ஸ்கூக் ஊரில், மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், "நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்போறன்" என்றான். காரின் பதிவு விண்ணப்பத்தையும் காட்டினான். காரைப் பூட்டுபவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

"றிவேர்ஸ் இருக்கோ தம்பி?" என்று மாமா கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

"இல்லை மாமா. மோட்டார் சைக்கிள் கியர்தானே, முன்னுக்கு மட்டும்தான் போகும்" என்றேன்.

"அப்ப பின்னுக்கு எப்பிடி எடுக்கிறது?"

"தள்ளத்தானே தங்கச்சி இருக்கிறாள்" என்றான் அண்ணா.

எல்லோரும் சிரித்தார்கள். "வடிவாச் சாப்பிடு பிள்ளை, தள்ளப் பலம் வேணும்" என்று மாமி இன்னும் சோறு போட்டார். அம்மாவும் சிரித்தார்.

நான் வேலை செய்யும் பட்டறையில் என்னைக் கேட்காமல் யாரும் எஞ்சினில் கை வைப்பதில்லை. எங்கள் சனத்தின் மேசையில் நான் தள்ளுகிற ஆள்.

திரும்பும்போது அண்ணா குடும்பக் காரை மாமாவின் வாசலிலிருந்து பின்னுக்கு எடுத்தான்.

"நாளைக்கு விண்ணப்பத்தை அனுப்ப முதல் அதிலை என்ரை பெயரையும் எழுது" என்றேன்.

அவன் பின்கமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் வீதிக்கு வந்து, முன்னுக்குப் போகத் தொடங்கி, திரை அணைந்த பிறகும் அதையே பார்த்தான்.