அறுக்காத வயிறுகள்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் ஃபார்மலின் நெடி விரலை விட்டுப் போகவில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது. ஆய்வகத்தில் உன் அலமாரியை ஒழிக்கச் சொன்னதால் நம் கெண்டை மீன் பாட்டில்களை இன்றுதான் திறந்தேன். ஒவ்வொரு வாலிலும் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'ஆண், அறுத்துப் பார்த்தது.' 'பெண், அறுத்துப் பார்த்தது.' ஒரு வயிற்றிலும் கத்தி பட்ட தடமே இல்லையடி, பாவி!

பள்ளிவாசல் ஓடையில் பிடித்தவை அவை. உடம்பு அகன்றது பெண், துடுப்பு நீண்டது ஆண் என்பது நம் யூகம். அது சரியென்றால் மீனைக் கொல்லாமலே, அளந்து பார்த்தே ஆண், பெண் பிரித்து ஜோடி சேர்க்கலாம். அப்போது எனக்கு மாதம் ஐந்து. நெடி பட்டாலே குமட்டும். "நீ அளந்து மட்டும் குடு புள்ள, அறுக்குறத நான் பாத்துக்கிடுதேன்" என்று என் வாயில் ஒரு நெல்லிக்காயைத் திணித்தாய். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அளவு சொன்னேன், நீ எழுதினாய். வயிற்றைத் திறந்து சரிபார்ப்பது உன் வேலை. நீயோ என் அளவைப் பார்த்தே ஆண், பெண் என்று நிரப்பிவிட்டாய். அப்புறம் பொருந்தாமல் எங்கே போகும்? "பாத்தியா, ஒண்ணுகூடத் தப்பல" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேனே!

நம் ஆய்வுக் கட்டுரையை நம்பித்தான் எருத்தேன்பதியில் மீன் வளர்க்கும் என் சித்தப்பா ஜோடி சேர்த்துத் தொட்டியில் விட்டார். இரண்டு வருடமாக ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. "நம்ம தண்ணிலதான் கோளாறாட்ட இருக்குது கண்ணு" என்று தன்னையே நொந்துகொண்டு தொட்டியை இடித்து இடித்துக் கட்டினார். உன்னிடம் வந்து சொன்னேன். "தண்ணியாத்தான் இருக்கும்" என்றாய், என் முகத்தைப் பார்த்து.

மீன் வயிற்றை அறுக்க மனம் வராதவள் என் கழுத்தை அறுக்க எப்படித் துணிந்தாய்? முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாந்தி எடுத்துக்கொண்டே நான் அறுத்திருப்பேன். செத்தவளைத் திட்டக் கூடாதாம். பிறகு யாரைப் பிடித்துக் கேட்பது?

இன்று நானே அறுத்தேன். நீ ஆண் என்று எழுதிய முதல் மீனுக்குள் முட்டை. அடுத்ததிலும் முட்டை. கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதிவிட்டு, சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

"தண்ணி நல்லாத்தான் இருக்குதுங்க சித்தப்பா. எங்க அளவுதான் தப்பு."

"யாரு பண்ணுன தப்பு கண்ணு?" என்றார்.

உன் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நாங்க பண்ணுனதுங்க" என்றேன்.