உள்பக்கம் ஒரு திறாங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் வெலிகமவில் சுகமாக இருக்கிறேன்.

சண்டிலிப்பாயில் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்த என்னை, "சும்மாதானே இருக்கிறாய், உந்த வெங்காயத்தை உரிச்சுத் தாவன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே ஊரைவிட்டு ஓடவைத்தீர்கள். இங்கே கடற்கரைக் கோப்பிக் கடையில் எல்லோரும் கணினியோடுதான் இருக்கிறார்கள். நேற்று நான் இணையக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்க, ஒரு வெள்ளைக்காரி வெற்றுக் கோப்பையை என்னிடம் நீட்டி, இன்னொரு கோப்பி கொண்டுவரச் சொன்னாள்! என் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சிரிக்காதீர்கள் அப்பா. அவளுக்காவது என்னைத் தெரியாது.

இப்படி ஊர் ஊராகப் போயிருந்து வேலை செய்வது எனக்குச் சரிவராது. அம்மாவின் மிளகாய்த்தூளும் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வருகிறேன். என் அறைக் கதவைப் பூட்ட உள்பக்கம் ஒரு திறாங்கு போட்டுவையுங்கள். அது பூட்டியிருந்தால் மகள் வேலைக்குக் கந்தோருக்குப் போய்விட்டாள் என்று நினையுங்கள். தட்டாதீர்கள்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள்,
நிரோஜினி