மறுப்பு எதுவும் வரவில்லை

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். முழங்கால் வலி என் வயதுக்கு உரிய மரியாதையோடு நடந்துகொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலம் என்றே எண்ணி எழுதுகிறேன், வேறு விதமாக எண்ணிப் பழக்கமில்லை.

உன் அண்ணன் பட்டறையை மூடிவிட்டான். கணினியின் பழைய வகை மெமரி அட்டையைச் செருகும் சாக்கெட்டை வார்த்துக் கொடுத்த இயந்திரத்தை நேற்று பழைய இரும்புக்காரர் வந்து கழற்றி எடுத்துப்போனார், அண்ணி உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. புதிய மெமரியின் ஓரத்தில் உள்ள வெட்டுப் பள்ளத்தை நீ தலைமை வகிக்கும் தரக்குழு ஓர் அரிசி அகலம் தள்ளி வைத்தது, பழைய சாக்கெட்டில் தவறிப்போய்ச் செருகி எரிந்துவிடக் கூடாது என்பதற்காக என்று நீ சொன்னாய், அது சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டறையின் பிட்டர் போகும்போது என்னிடம், உங்க பொண்ணு ஒரு அரிசிதாம்மா நகர்த்தினாங்க, எங்க வீட்டுச் சோறே நகர்ந்துபோச்சு என்று சிரித்தபடி சொன்னார்.

புதிய தரத்தின் வரைவு எல்லா உறுப்பினருக்கும் போகும், சிறு பட்டறைக்கும் ஓர் ஓட்டு உண்டு, ஒருவர் மறுத்து எழுதினாலும் குழு பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். பழையதையும் இன்னும் சில வருடம் வைத்திருங்கள், அதற்குள் புது சாக்கெட்டுக்கு அச்சு செய்துகொள்கிறோம் என்று உன் அண்ணன் நாலு வரி எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அவ தலைமையில உக்காந்திருக்கா, சொந்த அண்ணனே எதிர்த்து எழுதினா அவளை யாரும்மா மதிப்பாங்க, என் பட்டறை அவளுக்குத் தெரியாதா என்றான். நீயோ தொலைபேசியில், அண்ணன் எழுதலியே, சம்மதம்னுதானே நெனச்சேன், நானே போய்க் கேட்டா சலுகை காட்டறேன்னு பேசமாட்டாங்களா என்றாய். இருவரையும் கண்ணியமாக வளர்த்தேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்போது அவன் புது அச்சுச் செய்து முடித்தாலும் வாங்குகிறவர்கள் வேறிடம் போய்விட்டார்கள், திரும்பி வரப்போவதில்லை. நீ பேச அழைத்தால் அவன் குளித்துக்கொண்டிருப்பதாகவே நான் சொல்லவேண்டியிருக்கிறது.

போன முறை வந்தபோது நீ எனக்குக் காட்டிவிட்டு வைத்துப்போன புதிய மெமரியை, அவன் கடைசியாக வார்த்த சாக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. அழுத்தியும் பார்த்தேன். இரண்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன் அம்மா, இரண்டிலும் ஒரு பிசிறுகூட இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்து நோகும்படி குனிந்து வேலை செய்யாதே. நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ ஆசி. இனி ஒருவரிடமிருந்து மறுப்பு வரவில்லை என்றால் ஒரு தரமாவது கேட்டுவிடு, நம் வீட்டுக்கு அது பயன்படாது என்றாலும்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின் அம்மா