கால் துடைக்காமல் தூங்கமாட்டாள்

என் செல்விக்கு,

நீ போய் அஞ்சு வருஷம் ஆகியும் உன்னை ஒரு அதட்டு அதட்டாமல் எனக்குப் பேச்சைத் தொடங்கத் தெரியவில்லை. எங்கே இருந்தாலும் ஓர் இடத்தில் உட்கார்ந்து கேள். கையில் ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டு பாதிக் காதால் கேட்கிற வேலையெல்லாம் இன்றைக்கு வேண்டாம்.

உன் மகள் கோகிலா போய்விட்டாள். முந்தாநாள் காலையில் சேலம் பஸ்ஸில் ஏறினாள், அங்கிருந்து திருப்பூர். உன் புருஷன் முருகன்தான் வந்து கூட்டிக்கொண்டு போனான். அவன் இப்போது கட்டியிருக்கிற சாந்தியும் கூட வந்திருந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். தடுக்கவில்லை. தடுக்க நான் யார்?

முருகன் மேல் கோபப்பட ஒரு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து மாதம் ஒரு தடவையாவது வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் போனான். போன வைகாசியில் மறு கல்யாணம் பேசினபோதும் முதலில் என்னிடம் வந்துதான் சொன்னான். தலையை நிமிர்த்தாமல், "தனியா சமாளிக்க முடியலக்கா. புள்ளையையும் எவ்ளோ நாளு உங்க தலையிலயே கட்டி வைக்கிறது" என்றான். பாரமாக இருக்கிறது என்று என் தலை அவனிடம் எப்போது சொன்னதோ தெரியவில்லை.

எங்க வீட்டுக்காரரிடம் அழுதேன். சவரி அண்ணனை உனக்குத் தெரியுமே, பேச்சு செலவு செய்யாத மனுஷன். "அவன் புள்ள, அவன் கூட்டிட்டுப் போறான். நாம என்னா சொல்ல முடியும் மேரி" என்றார். அப்புறம் வெளியே போய் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

நம் பீங்கான் கம்பெனி விசேஷம் ஒன்று சொல்கிறேன். நம் இரண்டு பேருடைய வேலையில் என் பாதி அப்படியேதான் இருக்கிறது. காய்ந்த ஜாடிகளையும் பியூஸ் கட்டைகளையும் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கிறேன். உன் இடத்தில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முக்கி வைத்ததைக் கவிழ்த்து அடிப்பாகத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவள் பாதி துடைப்பாள், பாதி கதை பேசுவாள். போன வாரம் சூளைக்குள் அடுக்குகிற மண்பலகை ஒன்றில் ஜாடி முழுக்க ஒட்டிக்கொண்டது. சூளைச் சூட்டில் கிளேஸ் உருகிப் பலகையைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் உளியால்தான் பெயர்க்க வேண்டும். ஜாடியும் போகும், பலகையும் போகும். சூப்பர்வைசர் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்.

உன் கையில் ஒன்றுகூட ஒட்டினதில்லை. அந்தப் பழக்கத்தைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வந்தாயா? அதுவும் இல்லை. டீ டம்ளரைக் கீழே வைக்குமுன் அடியை உள்ளங்கையால் ஒரு துடை. சோற்றுத் தூக்கை வைக்குமுன் ஒரு துடை. பிள்ளை பிறந்தபிறகு அதையும் விடவில்லை. பாயில் கிடத்துமுன் ஈரத்துணியால் அதன் இரண்டு உள்ளங்காலையும் துடைப்பாய். நடக்கவே ஆரம்பிக்காத பிள்ளைக்குக் காலில் என்னடி அழுக்கு என்று கேட்டேன். "அடி தொடைக்காம வச்சா ஒட்டிக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். முற்றிப்போய்விட்டது உனக்கு என்று நானும் சிரித்தேன்.

உனக்குக் காமாலை கண்டதும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நீ சொன்னாய், நானும் தலையாட்டினேன். பறித்துக்கொண்டு வந்து கொடுத்ததே நான்தான். அதை நினைக்காத நாள் இல்லை. ஒரு நாள் காலையில் காய்ச்சின பாலை இறக்கி வைத்த இடத்திலேயே மயங்கி விழுந்தாய். சவரி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "பாலை மூடாம வந்துட்டேன்க்கா. பூனை வாய் வச்சிடும்."

கடைசியாக ஒரு மனுஷி சொல்லிவிட்டுப் போகிற வார்த்தையா அது? முருகன் பக்கத்தில்தான் நின்றான். மேரியக்கா, என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அவன் காதுபட ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்குப் பேச ஒரு பிடி இருந்திருக்கும். நீ பாலைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். "சரி, போயி மூடிட்டு வரேன், நீ கண்ண மூடு" என்றேன். அப்படித்தான் சொன்னேன் செல்வி, என் வாயால்.

பால் பத்திரமாக இருந்தது. மூடினேன். பக்கத்து வீட்டில் விட்டிருந்த கோகிலா பசியில் கத்திக்கொண்டிருந்தாள், அந்தப் பாலையே ஆற்றி அவளுக்குப் புகட்டினேன். முழு டம்ளரும் குடித்தாள். அவள் வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது கட்டிலில் நீ இல்லை.

அன்றைக்கு அவளைத் தூங்க வைக்க நான் பட்ட பாடு. தோளில் போட்டேன், தொட்டிலில் போட்டேன், சவரி ஆட்டோவில் வைத்துக்கூடத் தெருவைச் சுற்றினார். அழுகை நிற்கவில்லை. ஒரு வயசுப் பிள்ளை, காலை மட்டும் தூக்கித் தூக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கு விளங்கவே வெகு நேரம் ஆயிற்று. ஈரத்துணியை எடுத்து வந்து துடைத்தேன். இரண்டாவது காலை முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் தவறவில்லை. மாதா கோயில் தேர் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கும் துடைத்தேன், அவளுக்கு அம்மை போட்டிருந்தபோதும் துடைத்தேன். வலது கால் முதலில், விரல் இடுக்கெல்லாம், பிறகு இடது. முடித்ததும் "ஒட்டிக்காது" என்று சொல்ல வேண்டும். அசதியில் மறந்தால் பாதித் தூக்கத்திலும், "பெரிம்மா, நீ சொல்லல" என்பாள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது என்ன கிழமை என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. இடது பாதத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே எள்ளுப்போல ஒரு மச்சம் இருக்கிறது. நீ பார்த்ததில்லை. அது மூன்று வயசில் வந்தது. அதைச் சொல்வேன். என் ஆயுசில் நடந்தது என்ன என்று என்னைக் கேட்டால், அந்த இரண்டு காலும் அந்த ஈரத்துணியும்தான் நடந்தது. மற்றதெல்லாம் எல்லோருக்கும் நடக்கிறதுதான்.

சாந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒரு சண்டைக்காரியாக வந்து நின்றிருந்தால் என் பாட்டுக்கு நான் பேசிவிட்டுப் போயிருப்பேன். இவள் அழைத்துப்போவதற்கு முந்தின நாளே வந்து, என் எதிரில் தரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த நோட்டில் எழுதிக்கொண்டாள். கத்தரிக்காய் சாப்பிடுவாளா, எந்தச் சோப்பு ஒத்துக்கொள்ளும், நாய்க்குப் பயப்படுவாளா. நானும் ஒன்று விடாமல் சொன்னேன். கவுன், சிலேட்டு, ஊசி போட்ட அட்டை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியில் கேட்டாள். "தூங்கறதுக்கு ஏதாச்சும் பழக்கம் இருக்குதுங்களாக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. படுத்தா தூங்கிடுவா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொன்ன பொய் இல்லை. எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது, இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று வாய் தானாக முடிவு செய்துவிட்டது. சாந்தியும் முருகனும் அன்றைக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போய்விட்டார்கள். அன்றைக்கும் நான் துடைத்தேன். கொஞ்சம் அதிக நேரம் துடைத்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "நீ எப்ப வருவ பெரிம்மா?" என்று கேட்டாள். லீவுக்கு வருவேன் என்றேன். "யாரு லீவுக்கு?" என்றாள். தண்ணீர் பாட்டிலில் இரண்டு வாய் குடித்தாள். மூடியைத் திருகிவிட்டுப் பாட்டிலின் அடியை உள்ளங்கையால் ஒரு துடை துடைத்து சீட்டில் வைத்தாள். உன் முகமே நினைவில்லாத பிள்ளை செல்வி அது. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள், நான் எப்போது உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டேனோ. பஸ் நகர்ந்தது. கையாட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் மனசு கேட்காமல் டெலிபோன் பூத்துக்குப் போனேன். முருகனின் செல்போன் நம்பர் காலண்டர் தாளில் எழுதியிருந்தது. சாந்திதான் எடுத்தாள். குரலில் அப்படி ஓர் அசதி.

"சாப்பிடறா, நல்லா வெளையாடறா. தூங்கத்தான் மாட்டீங்கறாக்கா, ரெண்டு நாளா. படுக்க வச்சாக் காலக் காலத் தூக்கிக் காட்டறா. முள்ளு கிள்ளு ஏறியிருச்சான்னு வெளக்க வச்சுப் பாத்தனுங்க. ஒண்ணுமே இல்லீங்க. என்னன்னு கேட்டா பெரிம்மா பெரிம்மான்னு மட்டுந்தான் அழுவறா."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. ஈரத்துணியால் துடை. அவ்வளவுதான். "அப்படியா" என்றேன். "புது இடம் இல்ல, பழகிடும்" என்றேன். ரிசீவரை வைத்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். என்னைப்போல ஒரு பாவி இருப்பாளா?

சவரியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "நம்ம புள்ள காலை நீட்டிக்கிட்டு இருக்குது மேரி" என்றார். அதற்கு மேல் அவரும் சாப்பிடவில்லை.

பூத்துக்காரர் விளக்கு வைத்ததும் மூடிவிடுவார். இன்னொரு ராத்திரி அந்தப் பிள்ளை அழத்தான் போகிறாள், என்னால்தான் அழப்போகிறாள், என்னால் எழுந்துபோய் ஒன்றும் செய்ய முடியாது. நீ அடி துடைக்கச் சொன்னது ஒட்டிக்கொள்ளக் கூடாது என்றுதானே? அஞ்சு வருஷம் ஒரு நாள் விடாமல் துடைத்தும் ஒட்டிக்கொண்டது. இப்போது பெயர்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அங்கே போனது முழுசாக இருக்க வேண்டும், அதுதான் எனக்குக் கவலை. இங்கே இருக்கிற பலகை எப்படிப் போனால் என்ன.

நாளைக்குக் காலையில் பூத்துக்காரர் வருவதற்கு முன்னாலேயே போய் வாசலில் நிற்பேன். ஈரத்துணி, வலது கால் முதலில், விரல் இடுக்கு, பிறகு இடது, கடைசியில் அந்த ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளம்மா என்று சொல்லி, ஒவ்வொன்றாகச் சொல்வேன். இது அவளைப் பெற்றவளின் பழக்கம், என்னுடையது இல்லை என்றும் சொல்வேன். நாளைக்கே அவள் தூங்கிவிடுவாள். அதற்கப்புறம் நான் இல்லாமலும் தினம் தூங்குவாள். அதைத் தாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன் செல்வி.

பாலை மூடிவிட்டு வா என்றாய், மூடினேன் இல்லையா? இதையும் செய்வேன்.

உன் மேரியக்கா,
உன் மகளுக்குப் பெரிம்மா.