குதிரில் போட்ட சாமை

நேற்று வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடம். வளைவுகளில் குமட்டாமல் இருக்க நீ வைத்துக்கொள்வாயே, அந்த வாசனை வந்ததுமே, சன்னல் பக்கத்தை உனக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். இறங்கும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது.

மழை முன்போல் வருவதில்லை என்று மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இனி என்ன செய்வது என்று ஊரே கூடிப் பேச வைப்பதுதான் நம் இருவரின் வேலை. கூட்டம் போட்டால் நான்கு ஆண்கள் பேசுவார்கள். மற்றவர்கள் பாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு உன் யோசனை. பழைய வேட்டியில் வயல்களைக் கட்டங்களாக வரைந்தாய். ஆளுக்கு ஒரு கட்டம், ஒரு கை புளியங்கொட்டை. அதுதான் விதை. மழை உண்டா இல்லையா என்று சோழி சொல்லும். எவ்வளவு விதைப்பது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்று அவரவர் முடிவு செய்யவேண்டும். விதையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது நீ போட்ட விதி.

நேற்று நான் போன ஊரில், போன வருடம் நாம் ஆடவைத்தபோது, முதல் சோழிக்கு நல்ல மழை. எல்லோரும் விதைத்தார்கள். அடுத்த சோழிக்கு வெயில், முளைத்ததெல்லாம் போயிற்று. கையிலிருந்த அத்தனையும் விதைத்துவிட்ட ஒருவர் எழுந்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் வூட்டுக்குப் போறேன்." வாய் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை. எதிரில் இருந்த பெண், எந்தக் கூட்டத்திலும் பேசாதவள், தன் கொட்டைகளில் பாதியை அவர் கட்டத்துக்குத் தள்ளினாள்.

"குடுக்கக் கூடாதுன்னு சொன்னோமே," என்றேன்.

"நெசத்துல குடுப்பமே. இங்க மட்டும் இன்னாத்துக்குக் கூடாது?"

"நெசத்துல யாரு குடுத்தா?" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. "போன வருசம் நான் கேட்டப்ப உங்கிட்டயே வெத இல்ல."

ஆட்டம் அங்கே நின்று சண்டை தொடங்கியது. மரவள்ளி போட ஆரம்பித்த பிறகு யார் வீட்டிலும் சாமை விதை மிஞ்சவில்லை என்பது அந்தச் சண்டையில்தான் வெளியே வந்தது. பொழுது சாய்வதற்குள், வீட்டுக்கு ஒரு படி சாமையைப் பொதுக் குதிரில் போடுவது என்று முடிவானது. குதிர் அந்தப் பெண்ணின் வீட்டில். திரும்பும்போது நீ சொன்னாய்: "எம் விதி தோத்துப்போச்சுடி. நல்லாத் தோத்துச்சு."

அதன்பின் நீ மலை ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்வாய்.

"குதுருல போட்டாங்களா?"

"போட்டாங்க. ஒரு வூடுதான் பாக்கி."

"விடு, அவங்களும் வருவாங்க."

தை பிறக்குமுன் நீ இல்லை. உன் ஊர் நைனார்பாளையத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் மலைல இன்னாதாம்மா வேல பண்ணீங்க?" என்று கேட்டார். "வெளையாடினோம்மா," என்றுதான் சொல்ல வந்தது.

இந்த வருடம் நிஜமாகவே அந்த ஆட்டத்தில் வந்ததுபோல் ஆனது. முன்மழைக்கு விதைத்தது வெயிலில் கருகிவிட்டது. அடுத்த மழைக்குக் குதிரைத் திறந்திருக்கிறார்கள். படி போடாத அந்த ஒரு வீட்டுக்கும் விதை கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் நேற்று போனேன். சரிவெல்லாம் சாமை, முழங்கால் உயரத்துக்கு.

"அந்த அக்கா வரலீங்களா?" என்று கேட்டாள் குதிர்க்காரப் பெண்.

சொன்னேன். "எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே," என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். உன்னைத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வெகு நாளாயிற்று.

இப்போது வேறு ஊர்களுக்குத் தனியாகப் போகிறேன். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது உன்னிடமிருந்து வந்த பழக்கம். முன்பெல்லாம் அந்த அமைதி தாங்காமல் உன் பக்கம் பார்ப்பேன். கண்ணாலேயே "இரு" என்பாய். இப்போது திரும்புவதில்லை. தரையைப் பார்த்தபடி காத்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் பேசத் தொடங்கிவிடுகிறார்.