அண்ணன் கேட்ட மருந்து

14 ஆகஸ்ட் 1993, சனி
பிரிக்பீல்ட்ஸ்

இன்று கிள்ளானுக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். அவருடைய ரத்தப் புற்றுநோய் இனி எந்த மருந்துக்கும் கேட்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படி மசியாத புற்றணுக்களை ஒரு காட்டுமரப் பட்டைச் சாறு கொன்றதை நான்தான் போன மாதம் அவரிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

அண்ணி தேநீர் போடப் போனதும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல எனக்குக் கொஞ்சம் கொண்டு வா லா."

"எலிக்குக் குடுத்துப் பாத்தோம்ணே. ஈரல் கெட்டு எல்லாம் செத்துப்போச்சு."

"எத்தனை நாள் இருந்துச்சு?"

"மூணு வாரம்."

"எனக்கு டாக்டர் அவ்வளவுகூட சொல்லலியே."

பஸ் போய்விடும் என்று பொய் சொல்லிக் கிளம்பிவிட்டேன். கொடுத்தால் நானே கொன்றவள் ஆவேன். கொடுக்காவிட்டால்? அந்தச் சாறு இருக்கும் குளிர்பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அதை நான்தான் திறக்க வேண்டும்.